மூன்று புள்ளிகள்

பிப்ரவரி 3, செவ்வாய்

புது நோட்டு. பழையது பாதியில் இருக்கிறது. ஆனாலும் புதிது எடுத்தேன்.

இன்று டிண்டோவில் தண்ணீர் நாள். டிண்டோ என்பது செல்போனுக்குள் இருக்கும் ஓர் ஊர். வெளிநாட்டுக் கம்பெனி கட்டியது. அதில் தமிழ் ஆட்கள் ஒரு தெருவைப் பிடித்து வேப்பமரத் தெரு என்று பெயர் வைத்திருக்கிறோம். அந்த ஊரில் வேப்பமரம் கிடையாது. ஏதோ குளிர்நாட்டு மரத்துக்குப் பச்சையை மாற்றி, அதுதான் வேம்பு என்று சொல்லிக்கொள்கிறோம்.

அங்கே யாருக்கும் தாகம் எடுக்காது. இருந்தும் மின்னல் மாமா ஒரு குழாயை நட்டு வைத்தார். செவ்வாய்தோறும் ஐந்து மணிக்கு எல்லோரும் குடத்தை வரிசை போட்டுக்கொண்டு நிற்கிறோம். வரிசை இல்லாவிட்டால் எங்கே நின்று பேசுவது என்று கேட்டார். அவர் சேலத்தில் ஆட்டோ ஓட்டுகிறவர்.

இன்று பனித்துளி என்கிற பெண்ணுக்கும் மாமாவுக்கும் யார் முதல் குடம் என்று தகராறு. "டீச்சர் சொல்லட்டும்" என்று இரண்டு பேரும் எழுதினார்கள்.

டீச்சர் நான்தான். அங்கே என் பெயர் அல்லி. செங்கல் நிறச் சேலை, மூக்குக்கண்ணாடி. கண்ணாடி இலவசமாக வந்தது, போட்டுக்கொண்டேன். எல்லோரும் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பார்கள். எனக்கு அந்த எழுத்துக்கூட்டல் வராது. அதனால் தமிழ் எழுத்திலேயே பிழை இல்லாமல் எழுதினேன். கண்ணாடியும் தமிழும் சேர்ந்ததும் டீச்சர் என்று முடிவு செய்துவிட்டார்கள். நான் ஆமாம் என்று சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை.

நான் எழுதத் தொடங்கினால் என் தலைக்கு மேல் மூன்று புள்ளிகள் துள்ளும். அவை துள்ளுகிறவரை தெருவே காத்திருக்கும். யாரும் நடுவில் புகுந்து என் வாக்கியத்தை முடித்து வைக்க மாட்டார்கள். எனக்கு அந்த ஊரில் மிகவும் பிடித்தது ஏரியோ மாடிவீடோ இல்லை. அந்தப் புள்ளிகள்தான்.

முதல் குடம் பனித்துளிக்கு என்று தீர்ப்பு எழுதினேன்.

பிப்ரவரி 4, புதன்

நிஜத் தண்ணீர் வந்தது. ஆறு நாளைக்குப் பிறகு. என் குடங்களைக் கடைசி வீட்டு அக்கா பின்னால் நகர்த்தி வைத்துவிட்டு அவருடையதை வைத்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. வாயில் புண்.

பிப்ரவரி 6, வெள்ளி

காலை முழுக்கப் பிசிர் வெட்டினோம். பனியன் கம்பெனியில் தைத்து முடித்த துணியில் நூல் நூலாகத் தொங்கும். அதை வெட்டித் தருவதுதான் அம்மாவுக்கும் எனக்கும் வேலை. மணியக்கா வண்டியில் பண்டல் கொண்டுவருவார். முடிந்ததும் அவரை போனில் கூப்பிட வேண்டும். அம்மா கோயிலுக்குப் போயிருந்ததால் நான் அடுக்கிய பண்டலைப் படம் எடுத்து அனுப்பினேன். படம் எதற்கு, ஒரு வார்த்தை கூப்பிட்டால் போதுமே என்று மணியக்கா வந்ததும் கேட்டார். சிரித்து வைத்தேன்.

பாலுக்குத் தள்ளியிருக்கிற கடைக்குப் போனேன். அங்கே நாமே எடுத்துக்கொள்ளலாம்.

நாலரைக்கு ஞானசவுந்தரிக்குப் பாடம். டிண்டோவில் அவர் பெயர் கொடுக்காப்புளி, கிளிப்பச்சை கவுன் போட்டிருப்பார். ஊர் சாத்தான்குளம் பக்கம். அங்கன்வாடியில் உதவியாளர். வயது முப்பத்தெட்டு. பத்தாவது தேறினால் பதவி உயர்ந்து பணியாளர் ஆகலாம் என்று சொல்லியிருக்கிறார்களாம். தனித்தேர்வராக எழுதப் போகிறார். மற்ற பாடங்களுக்கு ஊரிலேயே யாரோ சொல்லித் தருகிறார்கள். தமிழுக்கு நான். மார்ச் பதினாறாம் தேதி தமிழ்த் தேர்வு.

இன்று மூன்றாம் தடவையாக ஆறாம் இயலைத் திருப்பினோம். ஏழாம் இயலுக்கு எப்போது போவோம் என்று கேட்டார். அடித்தளம் பலமாக இருக்க வேண்டும் என்று எழுதினேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

டிண்டோவைத் திறந்ததும் பெரிய அறிவிப்பு. மார்ச் முதல் தேதியிலிருந்து புது டிண்டோ. இனி யாரும் எழுத வேண்டியதில்லை, பேசினால் போதும். பேசும்போது உருவத்தின் வாயும் அசையும். எழுதும் பெட்டி எடுக்கப்படும்.

மூன்று தடவை படித்தேன். எடுக்கப்படும் என்றுதான் இருந்தது.

பிப்ரவரி 10, செவ்வாய்

குழாயடியில் ஒரே கொண்டாட்டம். இனி கட்டைவிரல் வலிக்காது என்றாள் பனித்துளி. மின்னல் மாமா எதிர்காலத்தைப் பற்றிப் பெரிய பிரசங்கம் எழுதினார். இன்னும் ஐந்து வருடத்தில் ஒரு கண்ணாடி போட்டால் போதுமாம், நேரில் நிற்கிற மாதிரி இருக்குமாம், தோளில் கை போட்டால் கை தெரியுமாம், வாசனைகூட வருமாம். உங்க வாசம் எங்களுக்கு எதுக்கு மாமா என்று யாரோ எழுதினார்கள். தெரு முழுக்கச் சிரிப்புப் பொம்மைகள்.

ஞானசவுந்தரி எழுதினார்: "எனக்கு டீச்சர் குரலக் கேக்கணும். அது போதும். மனப்பாடப் பாட்ட நான் சொல்லுதேன், நீங்க கேட்டுத் திருத்துங்க. எழுதிக் காட்டுனா எனக்கு மண்டைல ஏற மாட்டேங்கு."

எனக்கு வேலை இருக்கிறது என்று எழுதிவிட்டு வந்துவிட்டேன். குடத்தை வரிசையிலேயே மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 11, புதன்

கத்தரிக்கோல் இரண்டு பனியன்களில் துணியோடு வெட்டிவிட்டது. அம்மா பார்த்தார். தனியாக எடுத்து வைத்தார்.

பிப்ரவரி 14, சனி

அறிவிப்பில் இருந்த கேள்வி பதிலை முழுதாகப் படித்தேன். எழுதியதைப் படித்துச் சொல்லும் வசதி உண்டா? உண்டு, பதினொரு மொழிகளில். தமிழ் இல்லை. விரைவில் வரும்.

குரல் கடை ஒன்று திறந்திருக்கிறார்கள். நம் குரலை வேறு குரலாக மாற்றிக்கொள்ளலாம். சோதித்துப் பார்க்க இலவசம். அம்மா கடைக்குப் போயிருந்த நேரத்தில் ‘செய்தி’ என்ற குரலைத் தேர்ந்தெடுத்து மைக்கைத் தொட்டு ஒரு வாக்கியம் சொன்னேன். போட்டுக் காட்டியது.

கம்பீரமான குரல். ஒரு பெரிய அதிகாரி பேசுகிற மாதிரி இருந்தது. நான் சொன்னதை அப்படியே சொன்னது. ஒன்று விடாமல்.

ஆப்பை மூடிவிட்டேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

தண்ணீர் நாளுக்குப் போகவில்லை. தலைவலி.

பிப்ரவரி 19, வியாழன்

ஞானசவுந்தரி இன்று கேட்டே விட்டார். "டீச்சர், ஏழாம் இயல் மேல உங்களுக்கு என்ன கோவம்? பரீட்சைக்கு ஒரு மாசங்கூட இல்ல. நான் தேறலன்னா புதுசா வேலைக்கு வாற பிள்ளை எனக்கு மேல வந்து உக்காந்துரும். பதினாலு வருசமா நான் அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுதேன்."

திங்கட்கிழமை ஆரம்பிக்கலாம் என்று எழுதினேன்.

அலமாரிக்கு மேலிருந்து என் தமிழ்ப் புத்தகத்தை எடுத்தேன். ஆறாம் இயல் வரை பென்சில் கோடுகள், ஓரத்தில் அருஞ்சொற்பொருள். ஏழாம் இயலிலிருந்து பக்கங்கள் புதுசாக இருக்கின்றன. சில ஓரங்கள் ஒட்டிக்கொண்டே இருந்தன.

நடுவில் ஒரு துண்டுச் சீட்டு. என் கையெழுத்து. ‘இன்றைய செய்திகள். வாசிப்பது கோகிலவாணி, பத்தாம் வகுப்பு ஆ பிரிவு, வருகை எண் 14.’ கீழே நான்கு செய்திகள். க, ப, த என்று தொடங்குகிற வார்த்தைகளுக்குப் பதிலாக வேறு வார்த்தைகள் போட்டுப் பார்த்து அடித்திருக்கிறேன். பெயரை மட்டும் மாற்ற முடியவில்லை.

எங்கள் பள்ளியில் காலை வணக்கத்தில் வருகை எண் வரிசைப்படி செய்தி வாசிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பதின்மூன்று முடிந்தது. திங்கட்கிழமை அம்மாவுக்கு முதுகு வலி வந்துவிட்டது. வீட்டில் ஆள் வேண்டும் என்று பள்ளியிலிருந்து நின்றுவிட்டேன். இரண்டு வருடம் ஆகிறது.

சீட்டைத் திரும்ப அதே பக்கத்தில் வைத்தேன்.

பிப்ரவரி 21, சனி

மணியக்கா பண்டலை இறக்கிவிட்டு உட்கார்ந்து டீ குடித்தார். இத்தனை நேரம் குனிந்து வெட்டுகிறாயே, முதுகு தாங்குகிறதா என்று அம்மாவைக் கேட்டார். "முன்னெல்லாம் ஒண்ணுமில்லீங்க, போன ஐப்பசியிலிருந்துதானுங்க இந்த வலி" என்றார் அம்மா. புள்ளை ஏன் பேசவே மாட்டேன்கிறது என்று அடுத்த கேள்வி. "அது கூச்சமுங்க. தங்கமான புள்ளை."

நான் பள்ளியை விட்டது அதற்கு ரொம்ப முன்னால். நிமிராமல் நூல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 23, திங்கள்

ஏழாம் இயலை ஆரம்பிக்கவில்லை. கண் வலி என்றேன். அடுத்த தடவை இன்னொரு கண்ணும் வலிக்கிறது என்று சொல்ல முடியாது. வேறு யோசிக்க வேண்டும்.

பிப்ரவரி 25, புதன்

யோசித்துப் பார்த்தேன். மாற்றல் வந்துவிட்டது, மலைக்குப் போகிறேன், அங்கே டவர் இல்லை என்று எழுதிவிடலாம். உருவத்தை அழித்துவிடலாம். டிண்டோ மாதிரி வேறு ஊர்கள் இருக்கின்றன. எழுத விடுகிற ஊராகத் தேடலாம். தேடினேன். இரண்டு இருந்தன. ஒன்றில் எல்லோரும் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள். இன்னொன்றில் யாருமே இல்லை. பெரிய சதுக்கம், நீரூற்று, நான் மட்டும். ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 28, சனி

எழுத்துக்குக் கடைசி நாள். மாலை ஆறு மணிக்குப் பெட்டி போய்விடும் என்று போட்டிருந்தார்கள்.

ஐந்தரைக்கு ஞானசவுந்தரிக்கு எழுத ஆரம்பித்தேன். நான் டீச்சர் இல்லை. எனக்குப் பதினேழு வயது. பத்தாவது பரீட்சை எழுதவில்லை. ஏழாம் இயலை யாரும் எனக்கு நடத்தவில்லை. எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன். மூன்று புள்ளிகள் துள்ளிக்கொண்டே இருந்திருக்கும். அவர் காத்துக்கொண்டே இருந்தார். "என்ன டீச்சர், பெரிய கடுதாசியா?" என்று ஒரு தடவை கேட்டார்.

அனுப்பும் பொத்தானைத் தொடப் போனபோது மணி ஆறு. பெட்டி மறைந்துவிட்டது. அந்த இடத்தில் ஒரு மைக் படம்.

மார்ச் 1, ஞாயிறு

போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். பத்து மணிக்கே போய்விட்டேன்.

இவ்வளவு நாள் சத்தமே இல்லாத தெருவாக இருந்தது. இன்று ஒருவர் வீட்டுக் குக்கர், இன்னொருவர் வீட்டு நாய், எங்கேயோ தறி ஓடுகிற சத்தம், கோயில் மணி, மின்னல் மாமாவின் ஆட்டோ ஹாரன். பனித்துளியின் குரல் ஆண் குரல் மாதிரி கட்டை. யாரும் கண்டுகொள்ளவில்லை. அவரவர் வாய் அசைகிறதா என்று பார்ப்பதிலேயே எல்லோரும் மும்முரம்.

நான் மைக்கைத் தொடாமல் நின்றேன். என் உருவம் வாயை மூடிக்கொண்டு நின்றது. அதுவும் நானும் முதன்முறையாக ஒரே மாதிரி இருந்தோம்.

ஞானசவுந்தரி வந்தார். மெல்லிய குரல், நான் நினைத்ததைவிட இளமை. கேளுங்க டீச்சர் என்று சொல்லி மனப்பாடப் பாட்டை ஆரம்பித்தார். இரண்டு அடி சரியாக வந்தது. மூன்றாவதில் நின்றுவிட்டார். மறுபடி முதலிலிருந்து சொன்னார். மறுபடி அங்கேயே நின்றார். தெருவில் யாருக்கும் அந்த அடி தெரியவில்லை. "போச்சு, எனக்கு வராது" என்றார். அழுகிற குரல்.

எனக்கு அந்த அடி தெரியும். தொண்டை வரை வந்து நின்றது. மைக்கைத் தொட்டேன்.

முதல் எழுத்தே வரவில்லை. வந்தபோது அது மட்டுமே வந்தது. திரும்பத் திரும்ப.

தெரு அமைதியானது. எனக்கு அந்த அமைதி தெரியும்.

மின்னல் மாமா சொன்னார்: "டீச்சருக்கு நெட்டு வெட்டுதுப்பா. டீச்சர், வாசலுக்கு வந்து பேசுங்க, டவர் கிடைக்கும்."

ஆமாம், விட்டு விட்டுக் கேட்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் முதலில் இப்படித்தான் இருந்தது, போனை அணைத்துப் போடுங்கள் என்றாள் பனித்துளி.

நான் மறுபடி முயன்றேன். விட்டு விட்டு, ஆனால் அந்த அடி முழுக்க வெளியே வந்தது. ஞானசவுந்தரி பிடித்துக்கொண்டார். பாட்டை முடித்தார். தெருவே கை தட்டியது.

மார்ச் 4, புதன்

மூன்று நாளாகப் பேசுகிறேன். ஆறாம் இயல் வரை எல்லாப் பாட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டேன். நெட்டு நன்றாக வெட்டுகிறது. சிக்காத இடத்தில் சிக்கினால் "இருங்க, டவர் வரட்டும்" என்று ஞானசவுந்தரியே சொல்கிறார். பொறுமையாக இருக்கிறார். நான் இவ்வளவு பேசியதே இல்லை.

ராத்திரி தூக்கம் சரியாக இல்லை.

மார்ச் 6, வெள்ளி

ஏழாம் இயலைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்காதது கேட்டதைவிட மோசமாக இருக்கிறது. கடைசிப் பக்கங்களை நானாகவே படித்துப் பார்க்கிறேன். ஒரு செய்யுளுக்குப் பொருள் புரியவில்லை. யாரைக் கேட்பது?

அம்மா இன்று பிசிர் வெட்டுகிற கையை நிறுத்திவிட்டுக் கதவருகே நின்றிருந்தார். பாடம் முடிந்து திரும்பியபோது பார்த்தேன். "இத்தன நேரம் யாருகூடக் கண்ணு பேசிட்டிருந்த?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை.

தோழி என்றேன். அந்த ஒரு வார்த்தைக்கே நேரம் ஆனது. அம்மா முடித்து வைக்கவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

ஐந்து மணிக்குக் குழாயடிக்குப் போனேன். வரிசை முழுக்க ஏதோ குசுகுசுப்பு. மின்னல் மாமா தொண்டையைக் கனைத்தார். டீச்சருக்கு ஒரு சந்தோஷச் செய்தி என்றார். போன வாரம் என்னிடம் சொல்லாமல் தெருவே சேர்ந்து டிண்டோ கம்பெனிக்கு ஒரு மனு போட்டிருக்கிறார்கள். எங்கள் டீச்சருக்கு மட்டும் குரல் விட்டு விட்டுக் கேட்கிறது, தேர்வுக்குப் படிக்கும் ஒரு பெண் பாதிக்கப்படுகிறாள், உடனே சரிசெய்ய வேண்டும் என்று. முப்பத்தேழு பேர் கையெழுத்து. இதுவரை தெருவின் மனுக்களை எல்லாம் நான்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இது ஒன்றுதான் நான் எழுதாத மனு.

பதில் வந்துவிட்டது. மாமா படித்துக் காட்டினார். அந்தக் கணக்கைப் பரிசோதித்தோம். இணைப்பு முழு வலுவுடன் உள்ளது. ஒலி எந்த இடத்திலும் துண்டிக்கப்படவில்லை.

யாருக்கும் புரியவில்லை. கம்பெனிக்காரன் பொய் சொல்கிறான் என்றாள் பனித்துளி. மாமா யோசித்துவிட்டுச் சொன்னார்: "அப்ப நெட்டு இல்ல, போன்தான் போச்சு. எங்கிட்ட ஒண்ணு சும்மா கெடக்குது டீச்சர். நல்ல மைக்கு. கொரியர்ல போட்டுடறேன். பேரும் அட்ரஸும் சொல்லுங்க."

சொல்லுங்க, சொல்லுங்க என்று வரிசை முழுக்கக் குரல். ஞானசவுந்தரி, "சொல்லுங்க டீச்சர், பரீட்சைக்கு ஆறு நாள்தான இருக்கு" என்றார்.

வெளியே போகும் பொத்தான் மேல் மூலையில் இருக்கிறது. விரல் அங்கேதான் இருந்தது. தொட்டால் போதும், நெட்டு போய்விட்டது என்றே நினைப்பார்கள். மாமா நாளைக்கும் கேட்பார். நல்ல மனிதர், கேட்டுக்கொண்டே இருப்பார். ஒருநாள் அந்தப் போனும் வந்து சேரும். அதிலும் நெட்டு வெட்டும்.

மைக்கைத் தொட்டேன். நெட்டும் இல்லை, போனும் இல்லை, நான் பேசுவதே இப்படித்தான் என்று சொன்னேன். எழுத ஒரு வரி. சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆனதென்று தெரியாது. நடுவில் யார் வீட்டிலோ குக்கர் நான்கு விசில் அடித்தது.

பிறகு மற்றதையும் சொன்னேன். டீச்சர் இல்லை என்று. பதினேழு வயது என்று. ஏழாம் இயலுக்கு முன்னால் நின்றுவிட்டேன் என்று. கடைசியாகப் பெயர். அதுதான் எப்போதும் சிக்கும். முதல் எழுத்திலேயே சிக்கியது. பள்ளியில் இந்த இடத்தில் யாராவது கோழி மாதிரி கூவுவார்கள். நான் காத்திருந்தேன். யாரும் கூவவில்லை. என் தலைக்கு மேல் மூன்று புள்ளிகள் இல்லை. நான் முடித்துவிட்டேனா இல்லையா என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை. இருந்தும் காத்திருந்தார்கள்.

"கோகிலவாணி" என்றேன்.

பனித்துளி தன் குடத்தை எடுத்துக்கொண்டாள். "ஏமாத்திட்டியேம்மா. எம்புள்ள லீவு லெட்டரெல்லாம் உங்கிட்டத்தானே கேட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இன்னும் இரண்டு பேர் போனார்கள்.  மாமாவின் வாய் திறந்து திறந்து மூடியது. சத்தம் வரவில்லை. அவருக்குத்தான் உண்மையில் நெட்டு போயிருக்க வேண்டும்.

ஞானசவுந்தரி கடைசியில் பேசினார்.

"அப்போ ஆறு இயலும் நீ சொல்லித் தந்தது சரிதானா?"

சரிதான் என்றேன்.

"ஏழாவது?"

தெரியாது என்றேன். இது மட்டும் சிக்காமல் வந்தது.

அவர் பக்கம் குழந்தைகள் சத்தம். அவர்களை அதட்டிவிட்டு வந்தார்.

"பதினேழு வயசுப் பிள்ளைக்கு இத்தனை நாளா ‘ங்க’ போட்டுருக்கேன் பாரு" என்றார். பிறகு, "நாளைக்கு நாலரைக்குப் புத்தகத்த எடுத்துட்டு வாட்டி. நீ வாசி, நான் கேக்கேன். மெதுவாத்தான் வாசிப்ப, எனக்கும் எழுதிக்கிட வசதி."

எனக்குப் புரியாத செய்யுள் ஒன்று இருக்கிறது என்றேன்.

"ரெண்டு பேருக்கும் புரியலன்னா எங்க சர்ச்சு பாதிரி ஐயர்ட்ட கேப்போம். அவருக்குப் பேசத்தான் பிடிக்கும்."

மாமாவின் குரல் திரும்ப வந்தது. குடத்தை எடுங்கப்பா, வரிசை நகரட்டும் என்றார். அடுத்தது கோகிலவாணி குடம் என்றார்.

மார்ச் 11, புதன்

காலையில் தண்ணீர் வந்தது. கடைசி வீட்டு அக்கா என் குடத்தை நகர்த்தினார். நான் திரும்ப எடுத்து முன்னால் வைத்தேன். சொல்லத்தான் ஆரம்பித்தேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் குடம் நிறைந்துவிட்டது. ஆனாலும் முடித்தேன். குடத்தோடு நின்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

நாலரைக்கு ஏழாம் இயல் ஆரம்பித்தோம். ஒட்டியிருந்த பக்கங்களை அம்மாவின் கத்தரிக்கோலால் பிரித்தேன். முதல் பக்கத்துக்கு இருபது நிமிடம் ஆனது.